தம்பி வீடு திரும்பிய பிறகு

கேள்வி: எனக்குத் திருமணமாகித் திருச்சியில் இருக்கிறேன். அப்பா, அம்மா, தம்பி மூவரும் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில். கொஞ்சம் நிலம் இருக்கிறது. தம்பிக்கு 23 வயது. டிப்ளமோ முடித்து வெளியூரில் வேலை பார்த்தவன், நான்கு மாதத்துக்கு முன்னால் வேலையை விட்டுவிட்டு வந்தான். கடன் செயலிகளில் பணம் வாங்கியிருந்தது எங்களுக்குத் தெரியாது. அவர்கள் மாமா, சித்தப்பா என்று எல்லாருக்கும் போன் போட்டு அசிங்கப்படுத்தினார்கள். இரண்டு வாரத்துக்கு முன் தம்பி உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றான். அரசு மருத்துவமனையில் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ‘மனநல மருத்துவரைப் பார்க்கவும்’ என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கிறது. வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று அப்பா மறுக்கிறார். ஊரில் ஃபுட் பாய்சன் என்று சொல்லிவைத்திருக்கிறோம். அம்மா தன் தலையில் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிவிட்டார். போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ஆள் மாற்றி ஆள் கூடவே இருக்கிறோம். அவனோ சிரித்துப் பேசுகிறான், ‘நல்லாத்தான் இருக்கேன்க்கா’ என்கிறான். அந்த எண்ணம் இன்னும் இருக்கிறதா என்று அவனிடம் கேட்கலாமா? கேட்டால் மறந்ததை ஞாபகப்படுத்துவதாகிவிடுமா? எத்தனை நாள் இப்படிக் காவல் இருப்பது? போலீஸ் கேஸ் வருமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்குத் தனியாகச் சுருக்கமாகப் பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் பல வீடுகள் இருக்கின்றன என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன். உங்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும், தம்பி என்ன செய்தான் என்று நீங்கள் எழுதியிருந்த பகுதியையும் எடுத்துவிட்டேன். அது வாசிக்கிற யாருக்கும் உதவாது, சிலருக்குக் கெடுதல் செய்யும்.

இதை வாசிக்கும் யாருக்காவது இப்போதே அந்த எண்ணம் இருந்தால் மீதியை அப்புறம் படிக்கலாம். 14416 என்ற எண்ணை அழையுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவை அது. 2022 அக்டோபரில் தொடங்கியது, இரவும் பகலும் உண்டு, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது. ஏற்கெனவே உயிருக்கு ஆபத்தாக ஏதாவது செய்துவிட்டிருந்தால் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

சரி, உங்கள் முதல் கேள்வி. கேளுங்கள். இன்றைக்கே கேளுங்கள்.

கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்ற பயம் உங்கள் வீட்டில் மட்டும் இருப்பதல்ல, டாக்டர்களிடமே இருந்தது. அதனால்தான் அதை ஆராய்ந்தும் பார்த்தார்கள். 2005இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களில் பாதிப் பேரிடம் தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்டார்கள், மீதிப் பேரிடம் கேட்கவில்லை. கேட்கப்பட்ட மாணவர்களிடம் மன உளைச்சலோ அந்த எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த பிள்ளைகளுக்கு, கேட்டது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. தம்பி எதையும் மறந்துவிடவில்லை, சகோதரி. இரண்டு வாரத்துக்கு முன் நடந்தது அது. வீட்டில் எல்லாரும் மறந்ததுபோல் நடிக்கிறார்கள், அவனும் கூடச் சேர்ந்து நடிக்கிறான். அவ்வளவுதான்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ‘இனிமே அப்படியெல்லாம் பண்ண மாட்டேல்ல?’ என்று கேட்டால் ‘மாட்டேன்’ என்ற ஒரே பதில்தான் வரும். கேட்கிற விதத்திலேயே பதிலைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். ‘தப்பா எதுவும் யோசிக்கிறியா?’ என்பதும் அப்படித்தான். தப்பு என்று முத்திரை குத்திவிட்டுக் கேட்டால் யார் ஆமாம் என்பார்கள்? பெயரைச் சொல்லியே கேட்கலாம். ‘டேய், அன்னைக்கு நீ எவ்வளவு கஷ்டத்துல இருந்திருப்பேன்னு எனக்கு முழுசாத் தெரியாது. செத்துப் போயிடலாம்கிற நினைப்பு இப்பவும் வருதா? வந்தா சொல்லு, நான் கோபப்பட மாட்டேன், அழவும் மாட்டேன்.’ உங்கள் வாயில் எப்படி இயல்பாக வருமோ அப்படிச் சொல்லுங்கள். எதிரெதிரே உட்காரவைத்து விசாரிக்காதீர்கள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் ஏதாவது செய்துகொண்டிருக்கும்போது கேட்டால் நல்லது. வரப்பில் நடக்கும்போதும் வண்டியில் போகும்போதும் ஆண்பிள்ளைகள் பேசுகிற பேச்சு வேறு. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதே பாதி சுமையைக் குறைக்கும்.

‘ஆமா, வருது’ என்று சொன்னால் உங்களுக்குத் தூக்கிவாரிப்போடும். அந்த நேரத்தில் ‘அம்மா அப்பாவை நெனச்சுப் பாத்தியா?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். இந்த நிலையில் வருகிறவர்களில் பெரும்பாலோர் அம்மா அப்பாவைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ‘என்னால்தான் எல்லாருக்கும் தொல்லை, நான் இல்லாவிட்டால் நிம்மதியாக இருப்பார்கள்’ என்று அந்த மனம் கணக்குப் போட்டுவைத்திருக்கிறது. நீங்கள் கேட்கும் அந்தக் கேள்வி அந்தக் கணக்கை உறுதிதான் செய்யும். அறிவுரை, உதாரணக் கதை, அடுத்த வீட்டுப் பையனின் கஷ்டம் எதுவும் வேண்டாம். மேலே கேளுங்கள்: எப்போது வருகிறது, ராத்திரியிலா? எவ்வளவு நேரம் இருக்கிறது? எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறானா? இன்றைக்கு, நாளைக்கு என்று ஏதாவது நினைத்திருக்கிறானா? ‘சில சமயம் தோணும், போயிடும்’ என்பது ஒரு நிலை. அதற்கு இந்த வாரத்துக்குள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வழியும் நேரமும் யோசித்து வைத்திருக்கிறான் என்றால், அவனைத் தனியே விடாமல் அப்போதே மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நடு இரவானாலும் சரி, அவசரப் பிரிவு திறந்துதான் இருக்கும்.

அம்மா வாங்கிய சத்தியத்துக்கு வருகிறேன். அவர் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தச் சத்தியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கள் மனநல மருத்துவத் துறையிலும் ஒரு காலத்தில் ‘நான் உயிரை மாய்த்துக்கொள்ள மாட்டேன்’ என்று நோயாளியிடம் எழுதிக் கையெழுத்து வாங்கும் பழக்கம் இருந்தது. அந்தக் காகிதம் யார் உயிரையும் காப்பாற்றியதற்கு ஆதாரம் இல்லை. அதை வாங்கிய டாக்டருக்கு மட்டும் நிம்மதியாக இருந்தது. இப்போது அதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்லித்தருகிறோம். சத்தியத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நாளைக்கு அந்த எண்ணம் திரும்ப வந்தால், தலையில் அடித்துச் சத்தியம் செய்துகொடுத்த அதே அம்மாவிடம் அவன் எப்படிப் போய்ச் சொல்வான்? அம்மா இப்படிச் சொல்லட்டும்: ‘சாமி, அந்தச் சத்தியமெல்லாம் வேண்டாம். அந்த மாதிரி நெனப்பு வந்தா என்னை எழுப்பு, எந்நேரமானாலும் எழுப்பு.’

அவன் சிரித்துப் பேசுவதைப் பற்றி. அது நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பிழைத்து வந்தவர்களில் பலருக்கு முதல் சில நாட்கள் உண்மையிலேயே ஒரு லேசான உணர்வு இருக்கும்: மறைத்தது வெளியே வந்துவிட்டது, எல்லாரும் பாசமாக இருக்கிறார்கள், கடன்காரன் போன் இல்லை. ஆனால் அவனை அந்த இடத்துக்குத் தள்ளியவை எதுவும் இன்னும் மாறவில்லை. விருந்தாளிகள் போய், வீடு பழைய நிலைக்குத் திரும்பும்போதுதான் சோர்வு மறுபடி தலைகாட்டும். மருத்துவமனையிலிருந்து வந்த முதல் சில வாரங்களும் முதல் மூன்று மாதங்களும் மிகக் கவனமாக இருக்க வேண்டிய காலம் என்று நாங்கள் அழுத்திச் சொல்வது இதனால்தான். முன்பு ஒருமுறை முயன்றிருப்பதுதான் ஆபத்தைக் கூட்டும் காரணங்களில் பெரியது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதோடு சேர்த்து இன்னொன்றையும் அப்பாவிடம் சொல்லுங்கள்: முயன்று பிழைத்தவர்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிறகு தற்கொலையால் இறக்கவில்லை. உங்கள் தம்பி அந்தப் பெரும்பான்மையில் இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த வாய்ப்பைக் கூட்டும் வேலைதான் இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

வீட்டில் முதலில் செய்ய வேண்டியது, ஆபத்தான பொருள்களை வீட்டைவிட்டே அகற்றுவது. உங்களுடையது விவசாய வீடு என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அந்தத் தீவிரம் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு தணியும். உச்சம் பெரும்பாலும் நிமிடக் கணக்கில், அல்லது சில மணி நேரம். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பது உயிரைத் தீர்மானிக்கிறது. ‘ஒரு வழியை அடைத்தால் இன்னொரு வழி தேடுவார்கள்’ என்று படித்தவர்களே சொல்கிறார்கள். இலங்கையைப் பாருங்கள். 1995இல் அங்கே லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அந்த ஆண்டும் அதற்குப் பின்னும் மிகக் கொடிய பூச்சிமருந்துகளை அந்நாட்டு அரசு ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. 2005இல் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ பாதியாகிவிட்டது. இடையில் போர் முடிவுக்கு வரவில்லை, வறுமை ஒழியவில்லை, சுனாமியும் வந்தது. மக்களின் துயரம் பாதியாகக் குறைந்திருக்காது. ஆனால் வேறு வழி தேடிப் போய் அதே அளவில் யாரும் சாகவும் இல்லை.

நம் பக்கத்திலும் ஒரு முயற்சி நடந்தது. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய ‘ஸ்நேகா’ அமைப்பு தற்கொலைத் தடுப்புக்காகவே இயங்குகிறது. அவரும் சக ஆய்வாளர்களும் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில் பூச்சிமருந்துகளை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுக் கிடங்கில், ஒவ்வொரு விவசாயிக்கும் பூட்டுப்போட்ட ஒரு பெட்டி கொடுத்து வைக்கச் செய்து பார்த்தார்கள். விவசாயிகள் ஒத்துழைத்தார்கள், நல்ல பலனும் தெரிந்தது. உங்கள் ஊரில் அப்படி ஒரு கிடங்கு இருக்காது. அப்பா நம்பும் இன்னொரு விவசாயி வீட்டில், அல்லது வாங்கிய கடையிலேயே, கொடுத்து வைக்கட்டும்; தேவைப்படும் அன்று தேவையான அளவு மட்டும் வாங்கிக்கொள்ளலாம். மோட்டார் கொட்டகையில் பூட்டி வைத்திருக்கிறேன் என்றால் போதாது, சாவி எங்கே தொங்கும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அப்பா அம்மா சாப்பிடும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளும் இந்தக் கணக்கில் வரும். இதையெல்லாம் தம்பிக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். ‘உனக்கு நல்லாகிற வரைக்கும் இதெல்லாம் இங்க வேண்டாம்னு எடுத்துட்டோம்’ என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அவனை நம்பவில்லை என்று இதற்கு அர்த்தமல்ல, அதையும் சொல்லுங்கள்.

காவல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் சில வாரங்கள் வீட்டில் அவன் தனியாக இருக்கக் கூடாது, சரிதான். ராத்திரி யாராவது ஒருவர் அதே அறையில் படுத்துக்கொள்ளட்டும். குளியலறைக் கதவைத் தாழிடாமல் சாத்திக்கொள்ளச் சொல்லலாம். அதற்கு மேல் போனால் வீடு அவனுக்கு ஜெயிலாகிவிடும். மனநல மருத்துவர் பார்த்துச் சொல்லச் சொல்லக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டு போகலாம். எத்தனை நாள் என்று இப்போதே தேதி குறிக்க முடியாது. ஆனால் போனைப் பிடுங்கி வைத்தது எனக்கு உடன்பாடில்லை. மிரட்டும் அழைப்புகளிலிருந்து அவனைக் காக்க நினைத்திருக்கிறீர்கள், ஆனால் அதோடு அவனுடைய நண்பர்களையும் வெட்டிவிட்டீர்கள். புது சிம் ஒன்று வாங்கிப் போட்டு, நாலைந்து நண்பர்களுக்கு மட்டும் அந்த எண்ணைக் கொடுத்துப் போனைத் திருப்பித் தாருங்கள்.

கடன் விவகாரத்தைத் தம்பி தலையிலிருந்து இறக்கி நீங்களோ உங்கள் கணவரோ கையில் எடுங்கள். எந்தெந்தச் செயலி, எவ்வளவு வாங்கியது, எவ்வளவு கட்டியது என்று அவனோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலும் அந்தத் தொகை, அவன் மனதில் இருக்கும் பூதத்தைவிடச் சிறியதாக இருக்கும். கடன் செயலிகள் வாடிக்கையாளரின் போனில் உள்ள தொடர்பு எண்களை எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இலேயே சொல்லிவிட்டது. உறவினர்களுக்குப் போன் போட்டு அசிங்கப்படுத்தியவர்கள்தான் விதியை மீறியவர்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுங்கள், வந்த செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். அதற்காகக் கடன் மட்டுமே காரணம் என்றும் முடிவுகட்டிவிட வேண்டாம். நான்கு மாதத்துக்கு முன் வேலையை ஏன் விட்டான்? தூக்கம், சாப்பாடு எப்படி இருந்தது? குடி உண்டா? மனச்சோர்வு முதலில் வந்து, அதில் வேலை போய், அப்புறம் கடன் வந்த கதைகளும் எனக்குத் தெரியும். இதைப் பிரித்துப் பார்க்கத்தான் மனநல மருத்துவர் வேண்டும்.

இப்போது நான் மிக முக்கியமாக நினைக்கும் விஷயம். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் ஒரு ஆய்வு நடத்தியது: பிரேசில், ஈரான், சீனா, இலங்கை, இந்தியா. நம் நாட்டில் சென்னை, இலங்கையில் கொழும்பு. உங்கள் தம்பியைப் போலவே முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு குழுவுக்கு அதோடு, டிஸ்சார்ஜ் ஆகும் சமயத்தில் ஒரு மணி நேரப் பேச்சு. பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை ஒரு மருத்துவப் பணியாளர் போன் செய்தோ நேரில் போயோ ‘எப்படி இருக்கீங்க?’ என்று விசாரித்தார். அவ்வளவுதான். 18 மாத முடிவில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். 2008இல் இது வெளியானபோது எங்கள் துறையில் பலருக்கு நம்பக் கஷ்டமாக இருந்தது. மருந்தில்லை, கருவியில்லை, செலவுமில்லை. இத்தனை வருடம் கழித்தும் நம் மருத்துவமனைகளில் பெரும்பாலும் இது நடப்பதில்லை. உயிரைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு ‘மனநல மருத்துவரைப் பார்க்கவும்’ என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுகிறோம். அந்த ஒரு வரி அப்பாவின் சட்டைப்பையில் மடங்கிக் கிடக்கிறது. இதில் உங்கள் அப்பாவை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

மருத்துவமனை செய்ய வேண்டியதை அக்காவின் தலையில் கட்டுவது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஆய்வில் விசாரித்த நாட்களை உங்களுக்குத் தருகிறேன், காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்: டிஸ்சார்ஜ் ஆன 1, 2, 4, 7, 11ஆம் வாரங்கள், பிறகு 4, 6, 12, 18ஆம் மாதங்கள். நீங்கள் தினமும் அவனோடு பேசுவீர்கள், அது வேறு. இந்த நாட்களில் ‘சாப்டியா, தூங்கினியா’ என்பதோடு நிறுத்தாமல், மேலே சொன்ன கேள்வியை மறுபடி நேராகக் கேளுங்கள். 6ஆம் மாதத்தில் கேட்கும்போது வீட்டில் எல்லாரும் ‘இன்னுமா அதைப் பேசுற’ என்பார்கள். கேட்கத்தான் வேண்டும். சிகிச்சை பார்க்கும் இடத்தில் மனநலச் சமூகப் பணியாளரோ செவிலியரோ இருந்தால், அவர்களும் இதே நாட்களில் அழைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். வாய்விட்டுக் கேட்டால் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கூடவே அவனைக்கொண்டே ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதவையுங்கள். பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரவுன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் வடிவமைத்த முறை இது. ஒரே ஒரு தாள், அவன் கையெழுத்தில், அவன் பேச்சில். அந்த எண்ணம் வருவதற்கு முன் என்ன நடக்கிறது என்பதில் தொடங்க வேண்டும். அவனுக்கு அது ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்து மனதுக்குள் கணக்குப் போடுவதாக இருக்கலாம். அப்போது தனியாகவே செய்யக்கூடியது என்ன? எழுந்து முகம் கழுவுவது, பாட்டு, மொட்டை மாடி என்றால் வேண்டாம், வாசல் திண்ணை. அதில் தணியாவிட்டால் யாரோடு போய் உட்காரலாம், எந்த இடத்தில் நாலு பேர் இருப்பார்கள்? டீக்கடை, நண்பன் வீடு, கிரிக்கெட் ஆடும் திடல். அதிலும் தணியாவிட்டால் யாரிடம் விஷயத்தைச் சொல்லி உதவி கேட்பது? பெயரும் எண்ணும் வேண்டும். அதற்கடுத்து மருத்துவர், 14416, 104. கடைசியில், வீட்டிலிருந்து எதையெல்லாம் அகற்ற வேண்டும் என்பதையும் அவனே எழுதட்டும். அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் இந்தத் தாளும் அதைத் தொடர்ந்த போன் விசாரிப்பும் கிடைத்தவர்களிடம், ஆறு மாதத்தில் தற்கொலை முயற்சி போன்றவை 45 சதவீதம் குறைவாக இருந்ததாக 2018இல் வெளியான ஆய்வு சொல்கிறது. நீங்கள் எழுதிக் கொடுத்து அவன் கையெழுத்துப் போட்டால் அது இன்னொரு சத்தியப் பத்திரம்தான்.

போலீஸ் பயம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 309 என்று ஒரு பிரிவு இருந்ததல்லவா, அதைத்தான் அப்பா நினைத்துக்கொண்டிருப்பார். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இல்லை. அரசு ஊழியரைப் பணிய வைப்பதற்காகத் தற்கொலைக்கு முயல்வது மட்டும்தான் அதில் குற்றம். உங்கள் தம்பிக்கு அது பொருந்தாது. மருத்துவமனையில் எம்.எல்.சி. என்று, அதாவது போலீசுக்குத் தெரிவிக்க வேண்டிய கேஸ் என்று பதிந்திருப்பார்கள், போலீஸ்காரர் வந்து வாக்குமூலம் வாங்கியிருக்கலாம். அது நடைமுறை, அவன்மீது வழக்கு என்று ஆகாது. சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்லியும் அதே சட்டத்தில் இடமிருக்கிறது. மருத்துவக் கல்லூரி ஓ.பி.க்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அப்பா பயந்தால், திருச்சியில் உங்கள் வீட்டில் தங்கவைத்துக் காட்டுங்கள். பெண் கொடுப்பார்களா என்ற கேள்விக்கு, அதைப் பற்றிக் கவலைப்பட முதலில் பையன் இருக்க வேண்டும் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. இதை அப்பாவிடம் இவ்வளவு வெடுக்கென்று சொல்ல வேண்டாம்.

மருத்துவரிடம் போனால் என்ன நடக்கும்? அவனோடு தனியாகப் பேசுவார், பிறகு உங்களோடு. மனச்சோர்வு இருந்தால் மாத்திரை தரக்கூடும். அது வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களில் சிலருக்கு, மாத்திரை தொடங்கிய முதல் வாரங்களில் பதற்றமும் தற்கொலை எண்ணமும் கூடலாம் என்று எச்சரிக்கை இருக்கிறது. தம்பிக்கு 23. அதற்காக மாத்திரையே வேண்டாம் என்று நிறுத்திவிடாதீர்கள். ராத்திரி தூக்கமில்லாமல் நிலைகொள்ளாமல் உலாத்துகிறான், எரிந்து விழுகிறான் என்றால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையை ஒரு வாரத்துக்கு மட்டும் எழுதித்தரச் சொல்லுங்கள்; அது உங்கள் கையில் இருக்கட்டும். பேச்சுவழிச் சிகிச்சைக்கும் கேளுங்கள். மாத்திரை மட்டும் கடனையும் அவமானத்தையும் சமாளிக்கக் கற்றுத்தராது.

அட்மிஷன் எப்போது என்றால்: எண்ணமும் திட்டமும் இருக்கிறது, அல்லது சாப்பாடு தண்ணீரை நிறுத்திவிட்டான், காதில் குரல் கேட்கிறது என்கிறான், அல்லது வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. கீழ்ப்பாக்கம் என்று சினிமாவில் காட்டுவதை வைத்து அப்பா பயப்படுவார். இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது, தஞ்சாவூரிலும் உண்டு. சங்கிலியில் கட்டுவதைச் சட்டமே தடைசெய்திருக்கிறது. அவன் சம்மதித்து வந்தால் அவனே கையெழுத்துப் போட்டுச் சேரலாம். சம்மதிக்க மாட்டான், ஆனால் உயிருக்கு ஆபத்து என்ற நிலையில், அவன் தன் சார்பாக நியமித்த ஒருவரின் விண்ணப்பத்தில், ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநலப் பணியாளரோ மருத்துவரோ தனித்தனியே பரிசோதித்துச் சேர்த்துக்கொள்ள வழியிருக்கிறது. முதலில் 30 நாள் வரை. மனநலப் பிரிவே இல்லாத இடத்தில்கூட எந்த டாக்டரும் 72 மணி நேரம் வரை அவசரச் சிகிச்சை தரலாம். ‘இங்கே பார்க்க மாட்டோம்’ என்று யாராவது சொன்னால் இந்த 72 மணி நேரத்தைச் சொல்லுங்கள். தன் பிரதிநிதி யார் என்று தம்பி இப்போதே, தெளிவாக இருக்கும்போதே, எழுதிவைப்பது நல்லது. அது நீங்களாக இருக்கலாம், அவன் முடிவுசெய்யட்டும்.

ஃபுட் பாய்சன் கதை பரவாயில்லை. ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ‘உடம்பு முடியாம இருந்தான், தேறிட்டு வர்றான்’ என்றாலே போதும். ஆனால் வீட்டுக்கு வெளியே ஒருவருக்காவது உண்மை தெரிந்திருக்க வேண்டும், அவர் யார் என்பதைத் தம்பியே சொல்லட்டும். நீங்களும் உங்கள் கணவரிடம் முழுதாகச் சொல்லிவிட்டீர்களா என்று கடிதத்திலிருந்து தெரியவில்லை. திருச்சியில் இருந்துகொண்டு ஒவ்வொரு போன் மணிக்கும் பதறும் ஆள் நீங்கள். 14416 உங்களைப் போன்ற குடும்பத்தாருக்கும்தான்.

இந்த வாரமே, முடிந்தால் நாளைக்கே ஓ.பி.க்குப் போங்கள். காலையில் சீக்கிரம் போய்ச் சீட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு, இப்போது சாப்பிடும் மாத்திரைகள், ஆதார் இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவையும் கூட அழைத்துப் போங்கள். டாக்டரிடம் அவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டால் அடுத்த முறை அவரே வண்டியை எடுப்பார். அடுத்த சந்திப்புக்குத் தேதி வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.